சீனத்து சப்ளையர், லண்டன் பையர்: பெண்களை எப்படி அழைப்பது, எப்படி எழுதுவது?

திருப்பூர் மாதிரி ஏற்றுமதி ஊர்களில் புதிதாக மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது பையருக்கும் ஃபாக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரைக் கவனிக்கும் வேலைக்கு, வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜிப், லேஸ், பட்டன், லேபிள் என்று ஒரு பக்கம் சாமான் சீனாவிலிருந்து வரும், ஆர்டர் இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும், நடுவில் நாம். இரண்டு பக்கமும் நான் தினம் மெயில் போடுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலையில் சேர்ந்ததும் டெக் பேக், அதாவது உடையின் அளவும் விவரமும் இருக்கும் தாள்கள், படிக்கச் சொல்லித்தருவார்கள், காஸ்டிங், அதாவது விலைக் கணக்கு, போடச் சொல்லித்தருவார்கள், ஆனால் எதிரே இருக்கும் அந்தப் பெண்ணை என்னவென்று அழைப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. நாமும் ஊர்ப் பழக்கத்தில் எல்லாருக்கும் "மேடம்" போட்டு அனுப்பிவிடுகிறோம். அது இரண்டு பக்கமும் சரியாக உட்காருவதில்லை.

சீனர்களும் ஆங்கிலம் பேசுகிறவர்களும் இந்த விஷயத்தில் நேர் எதிர். சீனப் பக்கம் வெறும் பெயர் மொட்டையாக இருக்கும், பதவியைச் சேர்க்க வேண்டும். ஆங்கிலப் பக்கம் அடைமொழியை எவ்வளவு சீக்கிரம் கழற்றுகிறீர்களோ அவ்வளவு நல்லது. கீழே இருப்பது முழுக்க இந்த ஒன்றின் விவரம்தான்.

1. எது குடும்பப்பெயர் என்று முதலில் பாருங்கள்

சீனத்தில் குடும்பப்பெயர் முன்னால் வரும், தனிப்பெயர் பின்னால். வாங் ஷியாவ்லி என்றால் வாங்தான் குடும்பப்பெயர். ஆனால் வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதும்போது பலர் நமக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஷியாவ்லி வாங் என்று திருப்பிப் போடுவார்கள், அதே ஆளின் விசிட்டிங் கார்டில் பழையபடி வாங் முன்னால் இருக்கும். குழம்ப வேண்டாம். குடும்பப்பெயர் பெரும்பாலும் ஓரசை, இரண்டு அசை சேர்ந்து இருப்பது தனிப்பெயர். ஓயாங் போல இரட்டைக் குடும்பப்பெயர்கள் உண்டு, ஆனால் குறைவு. சிலர் குடும்பப்பெயரை மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் அடிப்பார்கள், அப்படி இருந்தால் வேலை மிச்சம்.

வாங், லீ, ஜாங், லியூ, சென் என்ற இந்த ஐந்து குடும்பப்பெயர்களிலேயே சீன மக்களில் சுமார் 30 விழுக்காட்டினர் அடங்கிவிடுகிறார்கள். அதனால் பெயரின் ஏதோ ஒரு முனையில் இந்த ஐந்தில் ஒன்று இருந்தால் பெரும்பாலும் அதுதான். இதிலேயே இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஒரே கம்பெனியில் மூன்று வாங் இருப்பார்கள். சீனர்களின் மெசேஜ் ஆப்பான வீசாட்டில் ஒருவரைச் சேர்த்த உடனேயே அவர் பெயருக்கு நம் வசதிக்கு ஒரு குறிப்புப் பெயர் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, அதில் "வாங், ஜிப், சேல்ஸ் மேனேஜர், பெண்" என்று தமிழிலேயே போட்டு வையுங்கள். அது நமக்கு மட்டும்தான் தெரியும்.

வெறும் "ஹாய் வாங்" என்று மட்டும் எழுதாதீர்கள். "ஏய் கவுண்டர்" என்று கூப்பிடுவது மாதிரி இருக்கும். தனிப்பெயரை மட்டும் சொல்வதும் வேண்டாம், அது வீட்டில் இருப்பவர்களுக்கும் நெருங்கிய தோழிகளுக்கும் உரியது. முழுப்பெயர் சொல்வது வகுப்புத் தோழர்கள், சம வயதுக்காரர்களுக்குள் சகஜம், நமக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

செர்ரி, கோக்கோ, விவியன், ஆப்பிள் என்று அவரே ஒரு ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டிருந்தால் பிரச்சினையே இல்லை, அந்தப் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் கூப்பிடுவதற்காகவே அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. சிரிப்பு வந்தால் மெயிலுக்கு வெளியே சிரித்துக்கொள்ளுங்கள்.

2. அவர் எந்த ஊர்க்காரர் என்று பாருங்கள்

"சீனர்" என்று ஒரே பெட்டியில் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். சீனாவில் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் தங்கள் குடும்பப்பெயரையே வைத்திருப்பார்கள். மேலே சொன்ன வாங்கின் கணவர் சென் என்றால் அவர் மிஸஸ் சென் ஆகிவிடமாட்டார், வாங் வாங்தான். ஷி ஜின்பிங்கின் மனைவி பெங் லியுவான், அவரை யாரும் மிஸஸ் ஷி என்று சொல்வதில்லை.

ஹாங்காங்கில் கொஞ்சம் வேறு. அங்கே திருமணமான சில பெண்கள், முக்கியமாக அரசுப் பதவிகளில் இருந்தவர்கள், கணவரின் குடும்பப்பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். முன்னாள் தலைமை நிர்வாகி கேரி லாம் செங் யுவெட் ங்கோர் பெயரில் லாம் கணவருடையது, செங் அவருடையது. அப்படிப்பட்டவரை மிஸஸ் லாம் என்பது சரி.

சிங்கப்பூரில் படிவங்களிலேயே "மேடம்" என்பதற்குச் சுருக்கமாக மூன்றெழுத்து ஒன்று இருக்கும், திருமணமாகியும் சொந்தப் பெயரிலேயே இருக்கும் பெண்களுக்கு அதைப் போடுவார்கள். குடியரசுத் தலைவராக இருந்த ஹலிமா யாக்கோபைக்கூட "மேடம் ஹலிமா" என்றுதான் செய்திகளில் சொன்னார்கள். ஆக நம் "மேடம்" சரியாகப் பொருந்தும் ஊர் என்றால் சிங்கப்பூரைச் சொல்லலாம்.

3. சீனப் பக்கம்: குடும்பப்பெயர், அதன் பின்னால் பதவி

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள். சீனாவில் அலுவலக உறவில் ஒரு பெண்ணை அழைக்க மிகப் பாதுகாப்பான வழி அவருடைய குடும்பப்பெயருக்குப் பின்னால் பதவியைச் சேர்ப்பது. பதவிச் சொல்லில் ஆண் பெண் பேதம் கிடையாது, வயதும் தெரியாது, கல்யாணமும் தெரியாது. மூன்று சிக்கல் ஒரே அடியில் தீர்ந்துவிடும்.

மேனேஜர் என்றால் "வாங் ஜிங்லி". கம்பெனி முதலாளி, டைரக்டர், பொது மேலாளர் என்ற அளவில் இருந்தால் "வாங் ஸோங்". இந்த ஸோங் இப்போது தாராளமாகப் புழங்குகிறது, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். துணை மேலாளராக இருந்தால் அந்தத் "துணை"யை வாயில் விட்டுவிடுங்கள், அவர்களும் விட்டுவிடுவார்கள். ஆனால் மேலே இருக்கிற உண்மையான ஸோங் பக்கத்திலேயே நிற்கும்போது கீழே இருப்பவரை ஸோங் என்று அழைத்துவிடாதீர்கள். இன்ஜினியர் என்றால் "வாங் கோங்". ஆசிரியர், டிசைனர், பத்திரிகை, கலைத்துறைக்காரர், வயதில் மூத்த நிபுணர், இவர்களில் யாராக இருந்தாலும் "வாங் லாவ்ஷி" போகும். லாவ்ஷி என்றால் ஆசிரியர்தான், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வெளியேயும் மரியாதைச் சொல்லாகப் பரவிவிட்டது.

பதவி தெரியவில்லையா? கேளுங்கள். சீனாவில் பதவி கேட்பது தவறே இல்லை, மரியாதையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கேட்கக் கூடாதது வயதும் திருமணமும். அவர்கள் நம்மிடம் இரண்டையும் கேட்பார்கள் என்பது வேறு கதை.

மெயில் ஆங்கிலத்தில் போகிறது என்றால் "டியர் மேனேஜர் வாங்" என்று எழுதலாம். லண்டன்காரர் சிரிப்பார், சீனத்துக்காரருக்கு இயல்பாக இருக்கும்.

4. பதவி எப்படியும் தெரியவில்லை என்றால்

"ந்யூஷி" என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள், குடும்பப்பெயருக்குப் பின்னால்: "வாங் ந்யூஷி". திருமணமானவர், ஆகாதவர், இளையவர், மூத்தவர் எல்லாருக்கும் பொருந்தும். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பரவாயில்லை.

"ஷியாவ்ஜியே" என்ற சொல்லில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். பழைய பாடப்புத்தகங்களில் மிஸ் என்பதற்கு நேர்ச்சொல்லாக இதைத்தான் கொடுத்திருப்பார்கள். 1990களுக்குப் பிறகு சீனாவில் இந்தச் சொல் பாலியல் தொழில் செய்யும் பெண்களைக் குறிக்கவும் புழங்கத் தொடங்கியதால், ஓட்டலிலோ கடையிலோ ஒரு பெண்ணைப் பார்த்துத் தனியாக "ஷியாவ்ஜியே" என்று கூப்பிட்டால் முகம் சுருங்கும். குடும்பப்பெயரோடு சேர்த்து "வாங் ஷியாவ்ஜியே" என்றால் கெட்ட அர்த்தம் வராது, வியாபார இடங்களில் இன்னும் சொல்கிறார்கள். தைவான், ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியாவில் இந்தச் சொல்லுக்கு அந்தக் கறையே இல்லை, தயங்காமல் சொல்லலாம். பக்கத்தில் இன்னொரு சொல் இருக்கிறது, "ஷியாவ் ஜியேஜியே". அது சின்ன அக்கா என்ற மாதிரி, இளையவர்கள் இளம்பெண்களை அன்பாகச் சொல்வது. ஒரு அசைதான் கூடுதல், விளைவு தலைகீழ். நாக்கு சரியாகப் புரளாது என்று தோன்றினால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

"தாய்தாய்" என்றால் திருமதி, கணவரின் குடும்பப்பெயரோடு வரும். சீனாவில் அலுவலகத்தில் இதற்கு வேலை இல்லை. "ஃபூரென்" என்பது அதிபர், தூதர் மனைவியருக்கானது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் "மேடம்" என்று அடித்தால் மொழிபெயர்ப்பு ஆப் சில நேரம் இந்த ஃபூரெனைத்தான் தூக்கிப் போடும். ஜிப் விற்கிற பெண்ணுக்கு அரண்மனை மரியாதை போய்ச் சேரும்.

5. கண்காட்சி, ஃபாக்டரி, கடைத்தெரு

மெயிலை விட்டு நேரில் போனால் சொற்கள் மாறும். இங்கே ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவரை "ஃபூவுயுவான்" என்று கூப்பிடலாம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். நமக்குச் சத்தமாகக் கூப்பிட கூச்சமாக இருக்கும், அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை. கடைக்காரப் பெண்கள் உங்களை, நீங்கள் பெண்ணாக இருந்தால், "மெய்ந்யூ" என்பார்கள், அழகி என்று அர்த்தம். தெற்கே குவாங்சோவில், அந்தப் பக்கத்து கான்டோனீஸ் பேச்சில், "லெங் நுய்". முப்பது வயதோ ஐம்பது வயதோ எல்லாருக்கும் அதுதான், மகிழ்ந்துபோய் விலை பேச மறக்க வேண்டாம். ஆண்கள் இதைத் திருப்பிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். கடைத்தெருவில் உள்ளூர் ஆண்கள் சொல்கிறார்கள். ஆனால் சப்ளையர் அலுவலகத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஆண் ஒருவர் சொன்னால் நன்றாக இருக்காது. வேண்டாம்.

"ஆ-யீ" என்பது அம்மா வயதுப் பெண்களுக்கு. ஃபாக்டரி கேன்டீனில் சாதம் போடுகிறவர், கூட்டிப் பெருக்குகிறவர், வீட்டு வேலை செய்கிறவர் எல்லாரும் ஆ-யீதான், அதில் இழிவு இல்லை. ஆனால் நாற்பது வயது சேல்ஸ் மேனேஜரை ஆ-யீ என்று அழைத்தால் அவருக்கு வயதாகிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. நம் ஊர் "ஆன்ட்டி" மாதிரியே எடுத்துக்கொள்ளுங்கள், இங்கேயும் அதே கோபம்தானே. உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர், நன்றாகப் பழகிவிட்டார் என்றால் குடும்பப்பெயரோடு "ஜியே" சேர்த்து "வாங் ஜியே", அதாவது வாங் அக்கா. இது மிக இதமான சொல், ஆனால் முதல் சந்திப்பில் வேண்டாம்.

குடும்பமாக நடத்தும் சின்ன ஃபாக்டரிகளில் கணக்கும் கடைசி விலையும் பல நேரம் முதலாளியின் மனைவி கையில் இருக்கும். அவரை அங்கே இருப்பவர்கள் "லாவ்பான்நியாங்" என்பார்கள், முதலாளியம்மா. நாமும் சொல்லலாம், ஆனால் ஒரு நிபந்தனை. கடையே அந்தப் பெண்ணுடையது என்றால் அவர் முதலாளியின் மனைவி அல்ல, முதலாளி. அப்போது "லாவ்பான்" என்றோ "வாங் ஸோங்" என்றோதான் சொல்ல வேண்டும். ஸ்டாலில் ஒரு ஆணும் பெண்ணும் நின்றால் ஆண்தான் ஓனர் என்று நினைத்து அவர் பக்கமே பேசிக்கொண்டிருப்பது நம் ஆட்கள் செய்கிற வேலை. கார்டை வாங்கிப் பதவியைப் படித்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

வண்டி ஓட்டுகிறவர், மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர் பெண்ணாக இருந்தாலும் "ஷீஃபு" என்றே சொல்லலாம்.

அப்புறம் நீ, நீங்கள். சீனத்தில் நீ என்பதற்குச் சொல்லே "நீ"தான், மரியாதைக்கு "நின்". வடக்கே பெய்ஜிங் பக்கம் நின் அதிகம் கேட்கும், தெற்கே குவாங்டாங்கில் அவ்வளவாக இல்லை. அதனால் குவாங்சோக்காரர் உங்களை நீ என்று எழுதினால் மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம்.

6. சீனத்து மெயிலை வாசிக்கும்போது இரண்டு பொறிகள்

ஒன்று, "ஹீ". பேச்சுச் சீனத்தில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே ஒலி, எழுத்தில்தான் வித்தியாசம். அதனால் நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்கள்கூட தங்கள் பெண் முதலாளியைப் பற்றிச் சொல்லும்போது ஹீ என்று சொல்லிவிடுவார்கள். "மை பாஸ், ஹீ வில் கம்" என்று மெயில் வந்தால் உடனே மிஸ்டர் என்று பதில் எழுதிவிடாதீர்கள். பதவியைப் போட்டு எழுதினால் இந்தச் சிக்கலும் இல்லை.

இரண்டு, "டியர்". பெயர் எதுவும் இல்லாமல் "ஹலோ டியர்", "ஓகே டியர்" என்று விற்பனைப் பெண்களிடமிருந்து வரும். ஆன்லைன் வியாபாரத்தில் வாடிக்கையாளரை "சின்", அதாவது அன்பே என்று அழைக்கும் வழக்கம் தாவ்பாவ் என்ற சீன விற்பனைத் தளத்தில் ஊறிப்போனது, அது அப்படியே ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். புதிதாக வந்த தம்பிகள் தயவுசெய்து இதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு ஹார்ட் எமோஜி போட வேண்டாம். திருப்பி டியர் என்று எழுதவும் வேண்டாம், அவர் ஆங்கிலப் பெயரைப் போட்டு வேலையைப் பேசுங்கள்.

7. ஆங்கிலப் பக்கம்: எம்.எஸ்.ஸில் தொடங்கி பெயருக்கு வாருங்கள்

மிஸ், மிஸஸ் என்ற இரண்டும் திருமணத்தைச் சொல்லிவிடும். எம், எஸ் என்ற இரண்டெழுத்துச் சொல் சொல்லாது. எம்.எஸ். என்றால் நமக்கு வேறு ஒருவர் நினைவுக்கு வருவார், ஆனால் ஆங்கில மெயிலில் முதல் தடவை எழுதும்போது இந்த எம்.எஸ்.தான், குடும்பப்பெயரோடு. அவரே கையெழுத்தில் மிஸஸ் என்று போட்டிருந்தால் மட்டும் மிஸஸ். டாக்டர், புரொஃபசர் என்று இருந்தால் அது முன்னால் வரும், பெண் டாக்டரை எம்.எஸ். என்று எழுதுவதைப் பலர் அவமரியாதையாக நினைப்பார்கள்.

அடைமொழியோடு தனிப்பெயரைச் சேர்க்காதீர்கள். "மிஸ் சாரா", "எம்.எஸ். சாரா" என்பது நம் வழக்கம், நம்மில் குடும்பப்பெயர் இல்லாததால் வந்தது. அங்கே சாரா பிரவுன் என்றால் எம்.எஸ். பிரவுன் அல்லது வெறும் சாரா, நடுவில் எதுவும் கிடையாது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மட்டும் "மிஸ் சாரா" மரியாதையாகவும் அன்பாகவும் சொல்வார்கள்.

எப்போது சாராவுக்கு இறங்குவது? அவர் பதில் மெயிலில் கீழே "சாரா" என்று மட்டும் கையெழுத்திட்டால் அதுவே அனுமதி, அடுத்த மெயிலிலேயே "ஹாய் சாரா". நம் ஆட்கள் மரியாதை என்று நினைத்து ஆறு மாதம் கழித்தும் எம்.எஸ். பிரவுன் என்றே எழுதிக்கொண்டிருப்பார்கள், எதிரே இருப்பவருக்கு அது விலகலாகத் தெரியும், ஏதோ கோபம் போலிருக்கிறது என்றுகூட நினைப்பார். அவர் உங்களைவிட இருபது வயது மூத்தவராக இருந்தாலும், கம்பெனியின் தலைமைப் பதவியில் இருந்தாலும் சாராதான். முதலில் வாய் கூசும், பழகிவிடும். நேரில் அறிமுகமாகும்போதும் "ஐ ஆம் சாரா" என்று சொன்னால் அந்த நொடியிலிருந்து சாரா.

"ரெஸ்பெக்டட் மேடம்" என்று எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். "டியர் மேடம்" என்றால் மின்வாரியத்துக்குப் புகார் எழுதுகிற தோரணை. பெயர் தெரியாத இடத்துக்கு "டியர் சர்" என்று மட்டும் போடுவது இன்னும் மோசம், திறந்து படிப்பவர் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். கம்பெனியின் இணையதளத்திலோ லிங்க்ட்இன்னிலோ ஐந்து நிமிடம் தேடினால் பெயர் கிடைக்கும். கிடைக்கவே இல்லையென்றால் "டியர் பையிங் டீம்" என்று துறையின் பெயரைப் போடுங்கள். பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் முழுப்பெயரைப் போடலாம், "டியர் அலெக்ஸ் டெய்லர்". கையெழுத்தின் கீழே ஷீ, ஹர் என்றோ தே, தெம் என்றோ சிலர் போட்டிருப்பார்கள், போட்டிருந்தால் அப்படியே பின்பற்றுங்கள். எம்.எக்ஸ். என்று ஒன்றையும் பிரிட்டிஷ் படிவங்களில் பார்ப்பீர்கள், ஆண் பெண் என்று எதையும் சொல்ல விரும்பாதவர்களுக்கானது.

பேச்சில் "மாம்", அதாவது மேடத்தின் சுருக்கம், எப்படி? அமெரிக்காவின் தெற்கே குழந்தைகள் அம்மாவிடமே "யெஸ் மாம்" என்பார்கள். நியூயார்க், கலிஃபோர்னியா பக்கம் பல பெண்களுக்கு வயதைச் சுட்டுவதாகப் படும். பிரிட்டனில் அது அரச குடும்பப் பெண்களுக்கும், போலீஸ், ராணுவத்தில் மேலதிகாரிப் பெண்களுக்கும் உரியது, கடைக்காரப் பெண்ணிடம் சொன்னால் விழிப்பார். தெரியாத பெண்ணின் கவனத்தைத் திருப்ப "எக்ஸ்கியூஸ் மீ" போதும், ஆங்கிலத்தில் அழைக்கும் சொல்லே இல்லாமல் பேச முடியும், நமக்கு அதுதான் கைவராது. பிரிட்டனில் கடைக்காரர் உங்களை "லவ்" என்பார், ஸ்காட்லாந்தில் "ஹென்", நாட்டிங்ஹாம் பக்கம் "டக்". கேட்டுக்கொள்ளுங்கள், திருப்பிச் சொல்லாதீர்கள். "ஆன்ட்டி" சிங்கப்பூர் உணவங்காடியில் செல்லும், லண்டன் சூப்பர்மார்க்கெட்டில் செல்லாது.

வேலைக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் படிக்கவோ வேலைக்கோ இங்கிலாந்து போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே அறுவை சிகிச்சை நிபுணர்களை டாக்டர் என்று சொல்வதில்லை, ஆண்களை மிஸ்டர், பெண்களைப் பெரும்பாலும் மிஸ் என்பார்கள், திருமணமாகியிருந்தாலும். பதவி இறங்கிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள், மரியாதைதான்.

8. உங்கள் பெயரை அவர்களுக்குப் புரிய வையுங்கள்: ஆவணமும் செலவும்

நாம் தடுமாறுவது போலவே அவர்களும் தடுமாறுகிறார்கள். கவிதா முருகேசன் என்றால் அங்கே எம்.எஸ். முருகேசன், அதாவது அப்பா பெயரால் அழைக்கப்படுவீர்கள். சீனத்திலிருந்து மிஸ்டர் கவிதா என்று வரும். எனக்கும் வந்துகொண்டே இருந்தது. கையெழுத்தில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எம்.எஸ். என்று போடுங்கள், சீனத்து அலுவலகங்களில் இந்தப் பழக்கம் பரவலாக உண்டு, உடனே புரியும். ஆங்கிலப் பக்கம் மெயிலை "கவிதா" என்று மட்டும் முடியுங்கள், அப்பாவை இழுக்கமாட்டார்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை, இரண்டு நிமிட வேலை.

செலவு வைக்கக்கூடியது அழைப்புக் கடிதம். சீனாவுக்கு வியாபார விசா, அதாவது எம் வகை விசா வாங்க, சப்ளையரோ கண்காட்சியோ தரும் அழைப்புக் கடிதம் வேண்டும். அதில் உங்கள் பெயர், பாலினம், பிறந்த தேதி, வருகையின் நோக்கம், தேதிகள் இருக்க வேண்டும். நம் பெயரைப் பார்த்து அவர்களுக்கு ஆணா பெண்ணா என்று தெரியாது, கேட்கக் கூச்சப்பட்டு எதையோ அடித்துவிடுவார்கள். மறுபடி அடித்து, முத்திரை குத்தி, ஸ்கேன் பண்ணி அனுப்ப நாட்கள் போகும், அதற்குள் விமான டிக்கெட் விலை ஏறும். அதனால் கடிதம் கேட்கும் முதல் மெயிலிலேயே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை இணைத்து, பாலினத்தைத் தனி வரியில் எழுதி, பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிற வரிசையிலேயே கொடுங்கள். கடிதம் வந்ததும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கிறவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கடிதத்தில் ஒரு மாதிரியும் விசா விண்ணப்பத்தில் வேறு மாதிரியும் வரும்.

டிக்கெட்டில் மிஸஸா எம்.எஸ்.ஸா என்பது பொதுவாகப் பெரிய பிரச்சினை ஆவதில்லை. பெயர் மாறினால்தான் பிரச்சினை, திருத்தக் கட்டணமோ புது டிக்கெட்டோ கேட்பார்கள். சில விமான நிறுவனங்களின் படிவத்தில் மிஸ் என்பது சிறுமிகளுக்கானது, எனவே வளர்ந்தவர்கள் எம்.எஸ். தேர்ந்தெடுங்கள்.

விசிட்டிங் கார்டின் பின்பக்கம் சீனத்தில் அடிக்க விரும்பினால், பெயரையும் பதவியையும் சப்ளையரிடமே மொழிபெயர்த்துக் கேளுங்கள், சந்தோஷமாகச் செய்துகொடுப்பார்கள், காசு கேட்கமாட்டார்கள். சீனாவுக்கு எளிதாக்கப்பட்ட எழுத்து, ஹாங்காங், தைவானுக்கு மரபு எழுத்து. நம் ஊர் அச்சகத்தில் சீன ஃபான்ட் இருக்காது, கட்டம் கட்டமாக அடித்துக் கொடுத்துவிடுவார்கள், அதனால் பிடிஎஃப் ஆக வாங்கிக் கொடுங்கள். மொத்தப் பெட்டியையும் அடிப்பதற்கு முன் ஒன்றைப் படம் எடுத்து சப்ளையருக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கார்டை இரண்டு கையால் கொடுத்து, இரண்டு கையால் வாங்கி, படித்துவிட்டுப் பையில் வையுங்கள். பதவி அதில்தான் இருக்கிறது.

9. எப்போது எதைச் செய்வது

குவாங்சோவில் நடக்கும் பெரிய வர்த்தகக் கண்காட்சியான கான்டன் ஃபேர் வழக்கமாக ஏப்ரல் 15லும் அக்டோபர் 15லும் தொடங்கி மூன்று கட்டமாக நடக்கும். உடை, துணி வகைகள் மூன்றாம் கட்டத்தில் வரும், மே தொடக்கத்திலும் அக்டோபர் கடைசியிலும். அழைப்புக் கடித வேலையை இரண்டு மாதம் முன்னால் தொடங்கினால் நிம்மதி. போவதற்கு முந்தைய வாரம், சந்திக்கப் போகிறவர்களின் குடும்பப்பெயர், பதவி, ஆண் பெண் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் நாலு லீ, மூன்று ஜாங் பார்த்தபிறகு மாலையில் எல்லாம் கலந்துவிடும்.

மார்ச் 8 அன்று சீனாவில் பெண் ஊழியர்களுக்கு அரை நாள் விடுமுறை உண்டு. அன்று மதியம் அவசரச் சாம்பிள் கேட்டு மெயில் போட்டால் பதில் வராது. வாழ்த்து அனுப்பலாம், ஆனால் "பெண்கள் தினம்" என்ற நேரடிச் சீனச் சொல்லில் வருகிற "ஃபூந்யூ" இளம்பெண்களுக்கு நடுத்தர வயது ஒலியோடு கேட்கும், அதனால் கடைகள் எல்லாம் தேவதை தினம் என்று விளம்பரம் போடுகின்றன. ஆங்கிலத்திலேயே ஒரு வரி வாழ்த்து போதும்.

பழக்கம் வளர வளர அழைப்பும் மாறும், ஆனால் முதல் அடியை அவர்கள் எடுக்கட்டும். வாங் ஜிங்லியே ஒரு நாள் "என்னை வாங் ஜியே என்று கூப்பிடு" என்பார். ஆங்கிலத்தில் முதல் பதிலிலேயே மாறிவிடும், சீனத்தில் ஒரு சாப்பாடாவது சேர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும்.

10. தவறாக எழுதிவிட்டால்

பெண்ணுக்கு மிஸ்டர் போட்டு அனுப்பிவிட்டீர்கள் என்று வையுங்கள். தெரிந்த உடனே அடுத்த மெயிலின் முதல் வரியில் ஒரே வாக்கியத்தில் மன்னிப்புக் கேட்டு, சரியான அழைப்பைப் போட்டு, வேலைக்கு வந்துவிடுங்கள். நாலு வரி விளக்கம் எழுதினால் அவர்தான் நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். பழைய மெயில் தொடரில் தவறான பெயரே மேலே நின்றுகொண்டிருந்தால், புதிய தலைப்பில் புது மெயில் தொடங்குங்கள். வீசாட்டில் அனுப்பிய செய்தியை இரண்டு நிமிடத்துக்குள் திரும்பப் பெறலாம். அதையும் தாண்டிவிட்டால், மேலே சொன்ன ஒரு வரிதான்.